நாலு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில்

சித்திரை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற நான் அன்றைக்கு ஆள் வராததால் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கச் செம்பைத் தூக்கிய நேரத்தில், எங்கள் மொட்டைக்கிணற்றுத் தெருவில் மணி நாலு ஆனது, ஆனது ஆனபடியே நின்றது, அதற்குப் பிறகு ஆறு மணி நேரம் கழித்துத்தான் நாலு ஒன்று ஆனது. மின்விசிறி நின்றுபோனதால் கரண்டு போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். மின்வாரியத்தைத் திட்டிக்கொண்டே வாசலுக்கு வந்து பார்த்தால், கிழக்கே ஓடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் தென்காசி பஸ் திரும்பிய வாக்கில் பாதியில் நிற்கிறது, அது கிளப்பிய புழுதியும் அதன் பின்னால் கலையாமல் நிற்கிறது, மேற்கே மாவு மில் வாசலில் ஒரு ஆள் காறித் துப்பியது தரைக்கு வந்து சேராமல் அந்தரத்தில் இருக்கிறது. பாலத்துக்கும் மாவு மில்லுக்கும் நடுவிலுள்ள நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களான நாங்கள் மட்டும் நடந்தோம், பேசினோம், வியர்த்தோம். வெயில் நாலு மணி வெயிலாகவே ஆறு மணி நேரம் அடித்தது.

கடிகாரங்களும் நின்றுவிட்ட பிறகு ஆறு மணி நேரம் என்று எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். என் எதிர்வீட்டு ஆவுடைக்கனி மணிக்கு நூறு பீடி சுற்றுவாள், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. கரண்டுதானே போயிருக்கிறது, கைக்கு என்ன வந்தது என்று அவள் பாட்டுக்குப் பீடி இலைச் சுளகை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தாள், அறுநூறாவது பீடிக்கு நூல் கட்டியபோது பஸ் நகர்ந்தது. கேரளாவுக்குத் தேங்காய் வெட்டப் போன புருஷன் போனவன் போனவனாகவே இருந்துவிட, அந்தச் சுளகை வைத்துத்தான் அவள் தன் மகள் இந்துராணியைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்திருந்தாள். அந்தப் பிள்ளை நல்ல மார்க் வாங்கி மதுரையில் நர்சிங் படிக்க இடத்துக்குக் காத்திருந்தது.

மறுநாளும் நாலு மணி நின்றது, அதற்கு மறுநாளும் நின்றது. பத்து நாளில் எங்களுக்கு அது பழகிப்போனது, குழாயில் தண்ணீர் வராததும் ரேஷனில் துவரம்பருப்பு இல்லாததும் பழகினதுபோலத்தான். முப்பிடாதி அம்மன் கோயில் பூசாரி, இந்த ஆறு மணி நேரத்துக்கு எந்தப் பூசையைச் சேர்ப்பது என்று தெரியாமல் ஒரு சூடத்தை மட்டும் கொளுத்திவிட்டுத் தூண் மறைவில் படுத்துக்கொண்டார். காலையில் வாங்கிய பால் மாலைக்குள் திரிந்தது. பாலத்தைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால் போதும், அந்தப் பக்கம் மணி நாலு, பஸ் ஓடும், மூக்கில் புழுதி ஏறும், அந்த ஆறு மணி நேரம் உங்களுக்குக் கிடையாது என்பதையும் கண்டுபிடித்தோம். ஏன் எங்கள் தெருவில் மட்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் மட்டும் நடக்கிற காரியங்கள் ஏற்கெனவே ஏகப்பட்டவை இருந்தன.

மறுநாளிலிருந்து பத்து நாள் பெண்கள் எல்லோரும் தூங்கினார்கள். கல்யாணமான நாளிலிருந்து பகலில் கண்ணை மூடியறியாத ஆவுடைக்கனி வாசற்படியில் தலைவைத்து வாயைப் பிளந்து தூங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன், பார்த்துச் சந்தோஷப்பட்டேன். பதினோராவது நாள் அவள் விழித்துக்கொண்டாள். சும்மா இருக்கிற கை அவளை என்னவோ செய்தது. ஒருத்தி சுளகை எடுத்தால் அடுத்தவளும் எடுப்பாள், அது எங்கள் தெருவின் குணம், ஆக மூன்றே நாளில் நாற்பத்து மூன்று வீட்டு வாசலிலும் இலை வெட்டும் கத்தரிச் சத்தம் கேட்டது.

பீடிக்கடை ஏசுவடியான் முதலில் கண்ணை அகல விரித்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். எப்படியம்மா இவ்வளவு என்று கேட்டதற்கு எங்கள் பெண்கள் வெகுளியாக உள்ளதைச் சொன்னார்கள். அடுத்த திங்கட்கிழமை அவன், மொட்டைக்கிணற்றுத் தெருவுக்கு மட்டும் ஆயிரம் பீடிக்குக் கொடுத்த கூலி இனிமேல் ஆயிரத்து ஐந்நூறு பீடிக்கு என்றான். "உங்களுக்குத்தான் நேரம் கெடக்கே, வேற தெருப் பொம்பளைகளுக்கா கெடக்கு?" என்றான். முடியாது என்றவர்களுக்கு இலை இல்லை என்றான். ஆக அத்தனையும் சுற்றிக் கையில் வந்தது பழைய கூலிதான்.

பழைய கூலி வந்தது, புதுப் பசியும் வந்தது. மனிதன் ஆறு மணி நேரம் விழித்திருந்தால் ஒரு வேளை சாப்பிட வேண்டும், இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. மதியம் சாப்பிட்ட பிள்ளைகள் நாலு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவில் இன்னொரு தடவை தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றன, மாதம் முழுக்க இழுத்துப் பிடித்து வந்த அரிசி இருபத்து மூன்றாம் தேதிக்கே தீர்ந்தது. கைப்பிள்ளைக்காரிகள் சிலர் நாலடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போய் நின்றார்கள், ஒரு பசியாவது மிச்சமாகட்டும் என்று. மற்றத் தெருக்காரர்கள் அதைப் பார்த்து, கடவுள் கொடுத்த நேரத்தை வேண்டாமென்று ஓடுகிறார்கள் பார், இவர்கள் எப்படி முன்னுக்கு வருவார்கள் என்று பேசிக்கொண்டார்கள். ஆறு மணி நேரம் கூடுதலாக இருந்தும் ஒருத்தன் ஏழையாக இருந்தால் அது யார் தப்பு என்று பஸ் ஸ்டாண்டில் என்னிடமே ஒருவர் கேட்டார்.

நகரத்திலிருந்து ஒரு தர்ம சங்கத்தார் 'உன் வாழ்க்கை உன் கையில்' என்று பேனர் கட்டிக்கொண்டு, நேரத்தைத் திட்டமிடுவது எப்படி என்று எங்களுக்கு வகுப்பெடுக்க மூன்றரை மணிக்கு வந்தார்கள். நடுவில் நாலு மணி நின்றது. பாலத்தைத் தாண்டினால் தப்பிக்கலாம் என்று நாங்கள் சொல்ல மறந்துபோனோம், அவர்களும் கேட்கவில்லை. நாலு மணி நேரம் உற்சாகமாகப் பேசினார்கள், ஐந்தாவது மணி நேரத்தில் அவர்களுக்குக் குரல் கம்மியது, ஆறாவதில் ஆவுடைக்கனி வீட்டுப் பழஞ்சோற்று நீச்சத்தண்ணியும் வெங்காயமும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

இனி நான் செய்த காரியத்துக்கு வருகிறேன். எல்லோரும் கூடி, கூடுதல் பசிக்குக் கூடுதல் அரிசி கேட்டு ஒரு மனு போடுவது என்று முடிவானது, எழுத வேண்டியவன் நான். இருபத்து இரண்டு வருஷமாக மனு எழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் உண்டு: கேட்கிறதைக் கேட்பதற்கு முன்னால் கேட்கிற ஆள் யோக்கியன் என்று இரண்டு வரி எழுதிவிடுவோம். குடிக்கிறவனுக்கும் குடிப்பழக்கம் அற்றவர் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கை அன்றைக்கும் சும்மா இருக்கவில்லை. "மேற்படி தெருவாசிகள் கடும் உழைப்பாளிகள் என்பதையும், தங்களுக்குக் கிடைத்துவரும் கூடுதல் ஆறு மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காமல் தினமும் அறுநூறு பீடிகள் அதிகமாகச் சுற்றிவருகிறார்கள் என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதி, அதை இரண்டு தடவை வாசித்து, எனக்கு நானே தலையாட்டிக்கொண்டேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது, அரிசிக்கு அல்ல. இந்துராணிக்கு மதுரையில் இடம் கிடைத்திருந்தது. ஏழைப் பிள்ளைகளுக்கான உதவியில் படிப்புச் செலவு முழுக்க அரசாங்கம் பார்த்துக்கொள்ளும், வருமானச் சான்றிதழ் மட்டும் வேண்டும், வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஆவுடைக்கனி போட்டிருந்த விண்ணப்பம் திங்கட்கிழமை திரும்பி வந்தது. மனுதாரர் தினமும் அறுநூறு பீடி அதிகம் சுற்றுவதாகத் தெருவாசிகளின் மனுவிலேயே கண்டுள்ளபடியால், அரசு அறிவித்த பீடிக் கூலிப்படி அவர் வருமானம் வரம்புக்கு மேல் போகிறது, சான்றிதழ் மறுக்கப்படுகிறது என்று அதில் எழுதியிருந்தது.

அவள் அந்தக் காகிதத்தை மடித்தபடி என் முன்னால் வந்து நின்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அண்ணாச்சி, இதுல என்ன போட்டிருக்குன்னு ஒருக்கா வாசிங்க. புள்ள வாசிச்சுச் சொல்லுச்சு, எனக்குப் புரியல."

வாசித்தேன்.

"நாங்க கஷ்டப்பட்டு உழைக்கோம்னு எழுதுனதுனால இல்லன்னுட்டாங்களா?"

"ஆமாம்மா."

"அப்பம் சும்மாதான் கெடக்கோம்னு எழுதுங்க. நாலு மணிக்கு மேல படுத்து உறங்குதோம், ஒரு பீடி சுத்துறதில்லன்னு எழுதுங்க. நான் கைநாட்டு வைக்கேன்."

எழுதினேன். மேற்படியார் கூடுதல் நேரத்தில் யாதொரு வேலையும் செய்வதில்லை என்று எழுதிவிட்டு, அலுவலக மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அதை வாசித்துப் பார்த்தால் எப்படியிருக்கும் என்று யோசித்தேன். ஆறு மணி நேரம் கையில் இருந்தும் படுத்து உறங்குகிறவளுக்கு எதற்கு உதவி என்றுதான் தோன்றியது. உழைக்கிறேன் என்றால் உனக்கு உதவி தேவையில்லை, உழைக்கவில்லை என்றால் உனக்கு உதவி தகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும், இருபத்து இரண்டு வருஷம் எழுதின எனக்கு அது அகப்பட வேண்டும் என்று ஏழெட்டுத் தாளைக் கிழித்தேன். அகப்படவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவைத் தூக்கிச் சாக்கடையில் எறிந்தேன், பிறகு நானே குனிந்து எடுத்துக் கழுவினேன்.

புதன்கிழமை மதியம் வருவாய் ஆய்வாளர் தேன்மொழி மேடத்தின் மேஜைக்கு முன்னால் போய் நின்று, நீங்களே வந்து பாருங்கள் என்று கெஞ்சினேன். கெட்ட மனுஷி அல்ல அந்த அம்மாள், கோப்புகளுக்கு நடுவில் குழம்பிப்போன ஒரு நல்ல மனுஷி. ஸ்கூட்டரில் வந்து மூன்றே முக்காலுக்கு ஆவுடைக்கனி வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். நாலு ஆனது, நின்றது.

முதல் ஒரு மணி நேரம் மேடம் கைபேசியைத் தட்டிக்கொண்டிருந்தார், அது எழுந்திருக்கவில்லை. இரண்டாவது மணி நேரத்தில் பீடியை எண்ணினார். மூன்றாவதில் முந்தானையால் விசிறிக்கொண்டார். நாலாவதில் பாலத்தைப் பார்த்தார், நான் வழியைச் சொன்னேன், வேண்டாம், முழுக்கப் பார்த்துவிடுகிறேன் என்றார். ஐந்தாவதில் ஆவுடைக்கனி சுளகை இறக்கி வைத்துவிட்டு, சோற்றைப் பிசைந்து ஒரு தட்டு இந்துராணிக்கும் ஒரு தட்டு மேடத்துக்கும் வைத்தாள். பானை காலியானதை மேடம் பார்த்தார், பார்த்தும் சாப்பிட்டார், அவ்வளவு பசி.

"ஏம்மா, தினமும் இப்படித்தானா?"

"தெனமும்தான் மேடம். இன்னைக்கு நீங்க வந்ததால கொழம்பு."

"இவ்வளவு சுத்தறீங்க, கூலி ஏறலையா?"

"நேரம் ஏறுச்சு, கூலி எறங்கிட்டு. இப்ப நீங்க அஞ்சு மணி நேரம் இங்க இருந்தீயல்லா, ஒங்களுக்கு இதுக்குச் சம்பளம் போடுவாவளா?"

மேடம் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். போடமாட்டார்கள், எப்படிப் போடுவார்கள், அவர் மூன்றே முக்காலுக்கு வந்து நாலு மணிக்குத்தானே கிளம்பப்போகிறார். அந்த யோசனை அவர் முகத்தில் ஓடுவதை நான் பார்த்தேன். பிறகு மெதுவாக, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னார்.

"இந்த நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்ல. இல்லாத நேரத்துல வர்ற வருமானத்த நான் எப்படிக் கணக்குல எடுக்க முடியும்? இப்படி ஒரு நேரமே எங்க தெருவுல கிடையாதுன்னு எல்லாரும் எழுதிக் கொடுத்துருங்க. நாளைக்கே சான்றிதழ் போட்டுடறேன்."

என் தலையிலிருந்து பாரம் இறங்கியது, இறங்கின வேகத்தில் திரும்ப ஏறியது. நேரம் இல்லையென்றால் பசியும் இல்லை, அரிசி மனுவைத் திரும்ப வாங்க வேண்டும். நேரம் இல்லையென்றால் ஏசுவடியான் கூலியைக் குறைத்ததும் இல்லை, தொழிலாளர் அலுவலகத்துக்கு நாங்கள் எழுதி வைத்திருந்த புகாரையும் தூக்கிப் போட வேண்டும். மேடமும் அதைத் தெரிந்துகொண்டுதான் என்னைப் பார்க்காமல் ஸ்கூட்டரை எடுத்தார்.

அன்று மாலையே கோயில் முன்னால் கூடினோம். மூட்டை தூக்குகிற வேலுச்சாமி, ஐந்து பிள்ளைக்காரன், எழுந்து நின்று கேட்டான்.

"ஒரு புள்ள படிக்கதுக்கு நாப்பத்து மூணு வீட்டுச் சோத்தையா எழுதிக் குடுக்கச் சொல்லுதீய?"

அவன் கேட்டது நியாயம். ஆவுடைக்கனி தரையைப் பார்த்தபடி நின்றாள். அப்போது வேலுச்சாமி பெண்டாட்டியே, நம்ம மூத்தவளும் அடுத்த வருஷம் பன்னிரண்டாவதுதானே, அவளுக்கும் இதே சான்றிதழ்தானே என்று கேட்டாள். வேலுச்சாமி தலையைச் சொறிந்தான், அந்த அரிசி வரவா போகிறது என்றான், வந்தாலும் வரலாமே என்றும் அவனே சொன்னான், கடைசியில் முதல் ஆளாக வந்து கைநாட்டு வைத்தான். எங்கள் தெருவில் நாலு மணிக்கு அடுத்தது நாலு ஒன்றுதான் என்று நான் எழுதினேன், நாற்பத்து மூன்று வீடும் ஒப்புக்கொண்டது. அதில் யாரையும் உழைப்பாளி என்றோ சோம்பேறி என்றோ எழுதவில்லை. நான் எழுதியதிலேயே சுருக்கமான மனு அதுதான், அதுதான் சுத்தப் பொய்யும்.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் போய்ச் சேர்ந்தது, இந்துராணி ஒரு தகரப் பெட்டியுடன் மதுரைக்குப் போனாள். நாங்கள் இல்லாத நேரத்தில் இல்லாத பசியுடன் இருக்கிற பீடியைச் சுற்றிக்கொண்டு இருந்தோம். செய்தது சரியா என்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளாத நாள் இல்லை, ஒரு நாள் சரி என்று தோன்றும், மறுநாள் வேலுச்சாமியின் கடைக்குட்டி தட்டை நக்குவதைப் பார்த்ததும் தப்பென்று தோன்றும்.

ஐந்து மாதம் கழித்து இந்துராணிக்கு ஒரே ஒரு நாள் லீவு கிடைத்தது. மதியம் வந்தால் மாலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். எதுவானாலும் நாலு மணிக்கு முன்னால் வந்துவிடு என்று தாய்க்காரி அண்டைவீட்டுக் கைபேசியில் நாலைந்து தடவை சொல்லியிருந்தாள். மூன்று ஐம்பத்து ஐந்துக்குப் பிள்ளை பாலத்தைத் தாண்டித் தெருவுக்குள் ஓடிவந்தது, நாலு ஆனது, நின்றது. ஆவுடைக்கனி அதற்குப் பிறகு சுளகைத் தொடவில்லை. இலையை ஊறவைக்கவும் இல்லை. ஒரு வேளைச் சோற்றை முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தாள், அதை இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். மார்ச்சுவரிக்குப் பக்கத்தில் ஹாஸ்டல் இருப்பதையும், ஊசி போடக் கற்றுக்கொள்ளும்போது கை நடுங்கியதையும், சாம்பாரில் உப்பே இல்லாததையும் பிள்ளை சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். பிறகு பிள்ளை அம்மாவைத் தனக்கு முன்னால் உட்காரவைத்துத் தலைவாரிவிட்டது. எதிர்வீட்டில் இருந்த எனக்கு எல்லாம் கேட்டது.

"யம்மா, என்ன இம்புட்டு நரைச்சுட்டு? அஞ்சு மாசத்துலயா?"

"ஒனக்கு அஞ்சு மாசம். எனக்கு ஆறேகால்."

பிள்ளை சீப்பை வைத்துவிட்டு அழுதது. ஏளா, இருக்கிற நேரத்தை அழுதா தீர்ப்பாய் என்று அவள் அதட்டினாள், அதட்டிவிட்டு அவளும் அழுதாள். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். என் கையால் எழுதிக் கொடுத்த பொய்யை நினைத்து வெட்கமாக இருந்தது, அந்தப் பொய்யால்தான் அந்தப் பிள்ளை வெள்ளைச் சீருடை போட்டிருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை கட்டு ஒப்படைக்கப் பீடிக்கடைக்கு அவள் போனபோது, யாருக்கோ மனு நகல் எடுத்துக் கொடுக்க நானும் அந்தப் பக்கம் போயிருந்தேன். ஏசுவடியான் அவள் கொண்டுவந்ததைத் தூக்கிப் பார்த்தான், மேஜையில் போட்டான்.

"என்ன ஆவுடை, பாதிகூட இல்ல? நேத்து என்ன செஞ்ச?"

"நேத்து நேரமே கெடைக்கல" என்றாள் ஆவுடைக்கனி.